காற்றை விற்கும் பாலைவனம்

ஜெய்சால்மர் கோட்டையைச் சுற்றி நூற்றுக்கணக்கான ராட்சத விசிறிகள் சுழல்கின்றன. அரசுப் பதிவேடு 'தரிசு' என்று எழுதிவைத்த நிலத்தை நம்பி வளர்ந்த தொழில் இது. அந்த நிலம் உண்மையில் சும்மா கிடந்ததா?

ஜெய்சால்மருக்கு வருகிற எவரும் முதலில் தேடுவது கோட்டையைத்தான். 1156-ல் ராவல் ஜெய்சால் எழுப்பிய மஞ்சள் மணற்கல் கோட்டை. மாலை வெயிலில் அது பொன்னாக மின்னுவதைப் பார்க்க உலகமே வருகிறது. சத்யஜித் ராய் 1974-ல் எடுத்த 'சோனார் கேல்லா' படத்துக்குப் பிறகு வங்காளிகளுக்கு இது கிட்டத்தட்ட யாத்திரைத் தலம். 2013-ல் ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோவும் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது.

ஆனால் கோட்டைக் கொத்தளத்தில் ஏறி நின்று மேற்கேயும் வடக்கேயும் பார்த்தால் இன்னொரு ஜெய்சால்மர் தெரியும். அடிவானம் வரை வெள்ளைக் கம்பங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் மூன்று கைகள். கோட்டை உட்கார்ந்திருக்கும் திரிகூடக் குன்றின் உயரம் சுமார் 76 மீட்டர். இங்கே நிற்கும் பெரிய காற்றாலைகளின் கோபுரம் மட்டுமே ஏறக்குறைய 80 மீட்டர். அதாவது, ராவல் ஜெய்சால் தேடிப் பிடித்த குன்றைவிட உயரமான கம்பங்களை ஒரு தனியார் கம்பெனி வரிசை வரிசையாக நட்டு வைத்திருக்கிறது.

நகரிலிருந்து ராம்கட் சாலையில் ஆறு கிலோமீட்டர் போனால் படா பாக். 16-ம் நூற்றாண்டில் ஜெய்சால்மர் அரசர் ஜெய்த் சிங் ஓர் அணை கட்டி, அதன் நீரில் தோட்டம் போட்டார். அவர் இறந்த பின் மகன் லூண்கரண் அங்கே அவருக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்ப, பின்னால் வந்த ராஜாக்களுக்கும் அதுவே வழக்கமானது. இன்று குன்றின் மீது குவிமாடமும் கூம்பு விமானமுமாகக் கல் மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால், ஏதோ அடுத்த வம்சத்தின் சின்னங்களைப் போல, காற்றாலைகள். படம் எடுக்க வருபவர்களில் பாதிப் பேர் காற்றாலை தெரியாத கோணத்தைத் தேடுகிறார்கள். மீதிப் பேர் இரண்டும் சேர்ந்து தெரியும் கோணத்தை.

ஒரு வேடிக்கை. சுற்றுலாப் பயணிகள் வருவது அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. அப்போது காற்று மந்தம். பல விசிறிகள் அசையாமல் நிற்கும். பயணிகள் ஓடிவிடும் மே, ஜூன் மாதங்களில்தான் அவற்றுக்கு வேலை. ஒட்டகக்காரர்களின் சீசன் முடியும்போது காற்றாலைகளின் சீசன் தொடங்குகிறது.

மழை இல்லை, காற்று உண்டு

காரணம் எளிது. கோடையில் தார் பாலைவனம் அடுப்பாகக் கொதிக்கும்போது சூடான காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப அரபிக்கடலிலிருந்து கட்ச் வழியாகவும் சிந்து வழியாகவும் தென்மேற்குக் காற்று விரைகிறது. கேரளத்துக்கு மழையைக் கொட்டும் அதே பருவக்காற்றுதான். ஆனால் இங்கே வருவதற்குள் ஈரமெல்லாம் வற்றி, வேகம் மட்டும் வந்து சேர்கிறது. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 20 சென்டிமீட்டர் அளவுதான்.

முப்பந்தலை அறிந்த தமிழ் வாசகருக்கு வித்தியாசம் உடனே புரியும். அங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றைப் புனல்போலக் குவித்து வீசச் செய்கிறது. இங்கே மலையும் இல்லை, கணவாயும் இல்லை. காற்றைத் தடுக்க எதுவுமே இல்லை என்பதுதான் இந்த இடத்தின் மூலதனம். காற்று விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தைத் தொட்டால் இறக்கைகள் மின்சாரம் தரத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால் காற்றில் இருக்கும் சக்தி எட்டு மடங்கு. விநாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும். இடையில் 'ஆந்தி' எனப்படும் புழுதிப்புயல் வீசும்போது மணல் துகள்கள் இறக்கையின் விளிம்பை உப்புத்தாள்போல் தேய்க்கும். பாலைவனம் எதையும் இலவசமாகத் தருவதில்லை.

சூரத்திலிருந்து வந்த யோசனை

இந்தக் காற்றாலைக் காட்டை உருவாக்கிய கம்பெனி சுஸ்லான். அதன் கதை பாலைவனத்தில் தொடங்கவில்லை, குஜராத்தின் ஒரு ஜவுளி ஆலையில் தொடங்கியது. 1958-ல் ராஜ்கோட்டில் பிறந்த துள்சி தாந்தி சகோதரர்களோடு சூரத்தில் ஜவுளித் தொழில் நடத்திவந்தார். மின்கட்டணம் லாபத்தைத் தின்றது. மின்வெட்டு மிச்சத்தைத் தின்றது. சொந்த உபயோகத்துக்காக இரண்டு காற்றாலைகளை வாங்கிப் போட்டார். துணியைவிட விசிறியில்தான் எதிர்காலம் என்று அவருக்குத் தோன்றியது. 1995-ல் சுஸ்லான் பிறந்தது. ஜெர்மனியின் ஸூட்விண்ட் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கினார். அந்த நிறுவனம் திவாலானபோது அதன் பொறியாளர்களையும் சேர்த்துக்கொண்டார்.

இந்தியாவுக்குக் காற்றாலை அப்போது புதிதல்ல. 1986-லேயே குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, தமிழ்நாட்டின் தூத்துக்குடி கடற்கரைகளில் 55 கிலோவாட் திறனுள்ள சின்ன இயந்திரங்களை அரசு நிறுவிப் பார்த்தது. தாந்தி கொண்டுவந்த புதுமை விற்கும் முறையில் இருந்தது. நிலத்தைத் தேடுவது, காற்றை அளப்பது, அனுமதி வாங்குவது, கம்பத்தை நடுவது, மின்கம்பி இழுப்பது, பிறகு வருடக்கணக்கில் பராமரிப்பது எல்லாமே சுஸ்லானின் பொறுப்பு. வாங்குபவர் செய்ய வேண்டியது காசோலையில் கையெழுத்து போடுவது. தன் காற்றாலை எங்கே நிற்கிறது என்பதையே பார்க்காத முதலாளிகள் இதனால் சாத்தியமானார்கள்.

கையெழுத்து போட ஆசை காட்டியது வருமான வரிச் சட்டம். 'துரிதத் தேய்மானம்' என்ற சலுகையில் காற்றாலை விலையின் 80 சதவீதத்தை முதல் வருடமே செலவாகக் கணக்குக் காட்டலாம். ஒரே நிபந்தனை: அந்த நிதியாண்டில் இயந்திரம் 180 நாளாவது உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும். எனவே செப்டம்பர் கடைசிக்குள் எப்படியாவது இயந்திரத்தை ஓடவைக்க ஓட்டப் பந்தயம் நடந்தது. காற்று நன்றாக வீசுகிறதா என்பதைவிட, கணக்கு நன்றாக வருகிறதா என்பதே பலருக்கு முக்கியமாக இருந்தது.

ஜெய்சால்மரில் சுஸ்லானின் வேலை 2001-ல் அமர்சாகர் பக்கம் தொடங்கியது. முதலில் வந்தவை 350 கிலோவாட் இயந்திரங்கள். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 33 மீட்டர். கடைசியில் வந்தவை 2.1 மெகாவாட், விட்டம் 88 மீட்டருக்கும் மேல். பத்தாண்டுகளில் ஒரு தொழில் எப்படி வளர்ந்தது என்பதை இங்கே ஜீப்பில் ஒரு சுற்று சுற்றினாலே பார்த்துவிடலாம், மர வளையங்களை எண்ணி வயதைச் சொல்வதுபோல. 2012 ஏப்ரலில் மொத்தத் திறன் 1,064 மெகாவாட் என்று கம்பெனி அறிவித்தது. அப்போது நாட்டிலேயே மிகப் பெரிய காற்றாலைப் பூங்கா இதுதான்.

காற்று திசை மாறியபோது

அந்த 2012-ம் வருடமே கம்பெனியைப் புரட்டிப் போட்டது. தாந்தி அதற்குள் உலகச் சந்தையில் இறங்கியிருந்தார். 2006-ல் பெல்ஜியத்தின் ஹான்சன் கியர்பெட்டி நிறுவனத்தை வாங்கினார். 2007-ல் பிரான்ஸின் அரேவாவோடு போட்டி போட்டு ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தைக் கைப்பற்றினார். எல்லாம் பெரும்பாலும் கடன். 2008-ல் அமெரிக்காவில் சுஸ்லான் இறக்கைகளில் விரிசல் கண்டு, 1,251 இறக்கைகளைப் பலப்படுத்திக் கொடுக்க வேண்டிவந்தது. அதே ஆண்டு உலகப் பொருளாதாரமும் சரிந்தது.

இந்தியாவில் 2012 மார்ச் 31-ம் தேதியோடு துரிதத் தேய்மானச் சலுகை நின்றது. 2011-12-ல் சுமார் 3,200 மெகாவாட் அளவுக்குப் புதிய காற்றாலைகள் நிறுவிய நாடு அடுத்த வருடம் சுமார் 1,700 மெகாவாட்டோடு நின்றுவிட்டது. சலுகை 2014-ல் திரும்பி வந்தாலும் நடுவில் சேதம் நடந்து முடிந்திருந்தது. 2012 அக்டோபரில் சுமார் 20 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்பித்தர சுஸ்லானால் முடியவில்லை. ஆசையாக வாங்கிய ஜெர்மன் நிறுவனத்தை 2015-ல் 100 கோடி யூரோவுக்கு விற்க வேண்டியதாயிற்று. 2008 தொடக்கத்தில் 400 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு 2020 மார்ச்சில் இரண்டு ரூபாய்க்கும் கீழே போனது.

கம்பெனி சாகவில்லை. 2020-ல் வங்கிகள் கடனைச் சீரமைத்தன. 2022 அக்டோபரில் ரூ. 1,200 கோடி உரிமைப் பங்கு வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு, 1-ம் தேதி, 64 வயதில் துள்சி தாந்தி மாரடைப்பில் காலமானார். மறு ஆண்டு இன்னொரு ரூ. 2,000 கோடி திரட்டி கம்பெனி கடன் சுமையிலிருந்து வெளியே வந்தது. அந்த நாளைப் பார்க்க அவர் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஜெய்சால்மரின் விசிறிகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. பெரும்பாலானவற்றின் சொந்தக்காரர்கள் வேறு கம்பெனிகள், வேறு ஊர்கள். மின்சாரம் போவதும் வேறு ஊர்களுக்கு. இங்கே தங்கியது காவலாளி வேலை, பராமரிப்பு வேலை, டீசல் விற்பனை, ஜீப் வாடகை, கொஞ்சம் சாலை.

'தரிசு' என்ற ஒரு சொல்

இந்தத் தொழில் இங்கே இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்குக் காற்றும் வரிச் சலுகையும் மட்டும் காரணமல்ல. மூன்றாவது காரணம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலை நட ஒவ்வொரு பட்டாதாரரிடமும் பேரம் பேச வேண்டும். ஜெய்சால்மரில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அரசு நிலம். பதிவேட்டில் 'தரிசு'. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு அரசு நிலத்தை ஒதுக்க ராஜஸ்தான் 2007-ல் தனி விதிகளே வகுத்தது.

இந்தப் பகுதியை ஜெய்ப்பூரும் டெல்லியும் எப்போதுமே இப்படித்தான் பார்த்து வந்திருக்கின்றன. 1974-லும் 1998-லும் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பொக்ரானும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. யாரும் இல்லாத இடம் என்பது அதிகாரிகளின் வரைபடத்தில் உள்ள செய்தி. ஆடு மேய்ப்பவரிடம் கேட்டால் வேறு வரைபடம் கிடைக்கும்.

அவருடைய வரைபடத்தில் முதலில் வருவது ஓரண். நம் ஊர்க் கோயில்காட்டுக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஒரு தெய்வத்தின் பெயரால், அல்லது ஊருக்காக உயிர்விட்ட ஒரு வீரரின் பெயரால், பல தலைமுறைகளுக்கு முன்பே விடப்பட்ட நிலம். அங்கே கோடாரி நுழையக் கூடாது. ஆடு, மாடு, ஒட்டகம் மேயலாம். இங்கே 'கேஜ்ரி' என்று கும்பிடுகிற மரம் நாம் சிவன் கோயில்களில் பார்க்கும் அதே வன்னி. மழை பெய்த சில வாரங்களில் சேவண் புல் முளைத்து நிற்கும். கால்நடைகளுக்கு அதுதான் வருட இருப்பு. ஆனால் பதிவேட்டில் பல ஓரண்கள் ஓரணாகவே இல்லை. தேக்ராய் மாதா ஓரண் போன்ற பெரிய ஓரண்களிலும் ஒரு பகுதிதான் அந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது; மீதி வெறும் அரசு நிலம்.

இரண்டாவதாக, கடீன். கல் பாறைச் சரிவில் விழும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் கரை கட்டித் தேக்கி, நீர் வற்றியதும் அந்த ஈரத்தில் கோதுமையும் கடலையும் விதைக்கும் முறை. பாலிவால் பிராமணர்கள் வளர்த்தெடுத்தது. அவர்கள் 19-ம் நூற்றாண்டில் விட்டுப்போன குல்தரா கிராமம் இன்று 'பேய் ஊர்' என்று டிக்கெட் போட்டுக் காட்டப்படுகிறது. அவர்களுடைய கடீன்களில் இன்றும் விளைகிறது. கடீனுக்கு உயிர் அதன் மேலே இருக்கும் மொட்டைச் சரிவு. அங்கே ஒரு புல்கூட இருக்காது. அதிகாரி கண்ணுக்கு அது சுத்தமான தரிசு. அதன் குறுக்கே ஒரு சாலை மேடு போட்டால் கீழே வயலுக்குத் தண்ணீர் வராது. மின் திட்டங்களுக்காகப் போடும் சாலைகள்மீது இங்குள்ள விவசாயிகள் சொல்லும் முக்கியமான புகார் இதுதான்.

நியாயமாகப் பார்த்தால் காற்றாலை மோசமான அண்டை வீட்டுக்காரர் அல்ல. எல்லாக் காற்றாலைகளும் ஓரணிலோ கடீன் சரிவிலோ நிற்கவில்லை. கோபுரத்தின் அடியில் கொஞ்ச இடம் போதும். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஆடு மேயலாம், மேய்கிறது. பின்னால் வந்த சூரிய மின் நிலையங்கள் வேலி போட்டு நிலத்தை முழுசாக மூடிவிட்டன. ஆனாலும் 'தரிசு' என்ற சொல்லை நம்பிப் பெரிய தொழில் நடத்தலாம் என்று இந்த மாவட்டத்தில் காட்டிக்கொடுத்தது காற்றாலைதான்.

கானமயிலின் வழக்கு

இந்தச் சொல்லை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது ஒரு பறவையின் வழக்கு. இங்கே 'கோடாவண்', தமிழில் கானமயில். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும் திரிந்த பறவை. இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை இந்த மாவட்டத்தில். ராஜஸ்தான் 1981-லேயே அதை மாநிலப் பறவையாக்கியது. ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். வருடத்துக்கு ஒரு முட்டை. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. தொலைவில் மின்கம்பி தெரிவதற்குள் மோதிவிடும். கனமான உடம்பு, சட்டென்று திரும்ப முடியாது.

சுழலும் இறக்கையைவிட ஆபத்தானது, அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி. தார் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாவதாக இந்திய வன உயிரின நிறுவனம் மதிப்பிட்டது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கச் சொன்னது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது நடக்கிற காரியமல்ல என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமை மக்களுக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2025 டிசம்பரில் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரை முன்னுரிமைப் பகுதியாக வரையறுத்தது.

வழக்கின் சங்கடம் இதுதான்: ஒரு பக்கம் அழியும் பறவை, மறு பக்கம் நிலக்கரியைக் குறைக்கும் மின்சாரம். இரண்டுமே நல்லவை. சாம் என்ற இடத்திலும் ராம்தேவ்ராவிலும் உள்ள மையங்களில் கானமயிலைச் செயற்கையாக வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சும் பொரிந்தது. அது பெரிதானதும் பறக்கப் புல்வெளி வேண்டுமே என்பது அடுத்த கேள்வி.

ஓரண்களுக்கும் நீதிமன்றத்தில்தான் விடிவு கிடைத்தது. கிராமத்தினர் பல நாள் நடைபயணம் போயும் மனு கொடுத்தும் கேட்டுவந்தது ஒரே விஷயம்: பதிவேட்டில் ஓரண் என்று எழுதுங்கள். 2024 டிசம்பர் 18-ம் தேதி உச்ச நீதிமன்றம், மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு ஓரணையும் நேரில் அளந்தும் செயற்கைக்கோள் படம் எடுத்தும் அடையாளம் கண்டு, காடு என வகைப்படுத்துமாறு ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது.

காற்றாலைத் தொழிலுக்கு இதனால் நஷ்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. அமர்சாகர் பக்கம் முதலில் நட்ட 350 கிலோவாட் இயந்திரங்களுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. காற்று நன்றாக வீசும் இடங்களைப் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான். இன்று சுஸ்லான் விற்கும் 3.15 மெகாவாட் இயந்திரம் ஒன்று, அவற்றில் ஒன்பதுக்குச் சமம். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அதே சாலையில், அதே மின்தடத்தில் புதியதை நிறுத்தலாம். அதற்கென மத்திய அரசு 2023-ல் திருத்திய கொள்கையும் தயாராக இருக்கிறது. ஆனால் ஒரு கோபுரம் ஒருவருக்கு, அடுத்த கோபுரம் இன்னொருவருக்கு என்று சொந்தக்காரர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். ஒன்பது பேரை ஒரே மேஜையில் உட்காரவைப்பதைவிடப் புதிய நிலம் கேட்பது இதுவரை சுலபமாக இருந்தது. வாங்குபவர் கையெழுத்து போட்டால் போதும் என்ற அந்தப் பழைய வசதியின் பாக்கி இது.

இந்தியாவின் காற்றாலைத் திறன் 2025 மார்ச் முடிவில் 50,000 மெகாவாட்டைத் தாண்டியது. இன்னும் வளரும், வளரவும் வேண்டும். அடுத்த கம்பம் எங்கே நிற்கும் என்பதை இனி காற்றை அளக்கும் கருவி மட்டும் முடிவு செய்யாது. கையில் பதிவேட்டோடு ஊருக்கு வரும் பட்வாரி, அதாவது நம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர், 'தரிசு' என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் என்ன எழுதுகிறார் என்பதையும் பொறுத்திருக்கிறது. ஆடு மேய்ப்பவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.